முத்தோரைச் சரிவும் முப்பது தட்டுகளும்

நீலகிரியில் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு மலைச்சரிவு இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே போகப் போக நிலம் சுமார் 11 டிகிரி உயர்ந்துகொண்டே போகும். அந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரிதான். அதனால் அந்தச் சரிவில் வடக்கு தெற்காகக் கிடத்திய எந்த நீண்ட பொருளும் பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும். 1960களில் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் தேடி அலைந்து இந்தச் சரிவைக் கண்டுபிடித்தார்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஊட்டி ரேடியோ தொலைநோக்கி அங்கே 1970இல் எழுந்து நின்றது. நீள அச்சைச் சுற்றி அதை மெல்ல உருட்டினாலே போதும், வானில் ஒரே இலக்கை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். பிற நாடுகள் விலையுயர்ந்த பொறிகளைக் கொண்டு செய்த வேலையை இங்கே மலையின் சாய்வு செய்துகொடுத்தது.

நான் இருக்கும் கொட்டாரம் குமரிமுனையை ஒட்டிய ஊர். அதன் அட்சரேகை எட்டு டிகிரியைச் சற்றே தாண்டும். இதே கருவியை இங்கே வைக்க எட்டு டிகிரிச் சரிவு தேவை. மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில் அங்கங்கே அப்படிச் சாய்வான நிலம் அகப்படலாம். ஆனால் அரை கிலோமீட்டருக்கு மேல் ஒரே சீராக, அதுவும் சரியாக வடக்கு தெற்காகக் கிடைக்காது. ரேடியோ வானியலில் இடம் என்பது கருவியின் ஓர் உறுப்பு. எந்த நாடு எந்த மூலையில் ஆன்டெனா வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த நாடு காணும் பிரபஞ்சம் மாறுகிறது. குமரிமுனையை ஒட்டிய இந்த மூலைக்கும் இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. அது பலரும் நினைப்பதற்கு நேர்மாறான பங்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பல தொலைநோக்கிகளை ஏன் இணைக்க வேண்டும்? ஒரு கருவி எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும் என்பது, அது வாங்கும் அலையின் நீளத்தைக் கருவியின் அகலத்தால் வகுத்தால் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே நம் கண்ணின் சிறு பாவையே அதற்குப் போதும். ஹைட்ரஜன் அணுக்கள் வெளியிடும் ரேடியோ அலையின் நீளமோ 21 சென்டிமீட்டர். 45 மீட்டர் அகலமுள்ள ஒரு பெரிய ஆன்டெனாத் தட்டை எடுத்துக்கொண்டாலும், அந்த அலையில் அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய கோணம் முழுநிலவின் அகலத்தில் பாதிதான். வெறும் கண்ணைவிட அது மோசமான பார்வை. கண்ணளவு கூர்மை வேண்டுமென்றாலே முக்கால் கிலோமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு கட்ட வேண்டும். நல்ல ஒளித் தொலைநோக்கியோடு போட்டி போடப் பல பத்துக் கிலோமீட்டர் வேண்டும். அப்படி ஒன்றை எந்த இரும்பும் தாங்காது.

இதற்கான விடை முதலில் கடற்கரையில் கிடைத்தது. 1946இன் தொடக்கத்தில் சிட்னி நகரின் டோவர் ஹைட்ஸ் என்ற செங்குத்துப் பாறைமுனையில், போர்க்காலத்து ரேடார் ஆன்டெனா ஒன்றைக் கிழக்குக் கடலை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். சூரியன் கடலிலிருந்து எழும்போது அதன் ரேடியோ அலை நேராக ஒரு வழியிலும், கடல்பரப்பில் பட்டுத் தெறித்து இன்னொரு வழியிலும் ஆன்டெனாவை அடைந்தது. இரண்டும் சேரும்போது சில கணங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தின, சில கணங்களில் அழித்தன. அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு ரூபி பெய்ன்-ஸ்காட், ஜோசப் பாஸி, லிண்ட்சே மெக்ரெடி மூவரும் ரேடியோ அலை சூரியனின் முழு வட்டத்திலிருந்தும் வரவில்லை, கரும்புள்ளிக் கூட்டத்தை ஒட்டிய சிறு பகுதியிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். கடல் அங்கே இரண்டாவது ஆன்டெனாவாக வேலை செய்தது. சூரியோதயம் பார்க்கக் குமரிமுனையில் கூடுகிற கூட்டத்துக்கு முன்னால் விடியற்காலையில் நடப்பதும் இதே நிகழ்ச்சிதான். அந்த அலையை வாங்கிப் பதிந்துவைக்க அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

இரண்டு இடங்களில் வாங்கிய அலைகளை ஒப்பிட்டால், அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவே கருவியின் அகலமாகிவிடும் என்பது இதன் சாரம். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் இதை ஒரு முழு முறையாக வளர்த்தெடுத்தார். அதற்காக 1974இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கல்வி இந்தியாவுக்கு வந்து சேர்ந்த கதையில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1952இல் ஒரு பன்னாட்டு ரேடியோ அறிவியல் மாநாட்டுக்காகச் சிட்னி சென்றவர், அங்கே நடந்துகொண்டிருந்த வேலையைக் கண்டு வியந்து திரும்பினார். அடுத்த ஆண்டே கோவிந்த் ஸ்வரூப், ஆர். பார்த்தசாரதி என்ற இரண்டு இளைஞர்களை அங்கே அனுப்பிவைத்தார். சிட்னியை ஒட்டிய பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் கிறிஸ்டியன்சன் என்ற ஆய்வாளர் அமைத்திருந்த ஆன்டெனா வரிசையில் ஸ்வரூப் வேலை கற்றார். ஆளுயரமே இருந்த 32 சிறு தட்டுகள் கொண்ட வரிசை அது. அதன் பயன் அங்கே முடிந்தபோது, தட்டுகளை ஆஸ்திரேலியர்கள் இந்தியாவுக்கே கொடுத்துவிட்டார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகு மும்பையை அடுத்த கல்யாணில் அவை மீண்டும் நிறுத்தப்பட்டு, 1965இல் சூரியனை நோக்கின. இந்தியாவின் முதல் இணைப்பு ரேடியோ தொலைநோக்கி அது. தானமாக வந்த பழைய தட்டுகளில் இந்தத் துறை இங்கே தொடங்கியது என்பதை நான் பெருமையாகவே சொல்வேன். தட்டு இரண்டாம் பட்சம், இணைக்கத் தெரிந்த ஆட்களே முதல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அந்த ஆட்கள் வந்த விதமும் சொல்லத்தக்கது. 1961இல் வெளிநாட்டிலிருந்த நான்கு பேர் (ஸ்வரூப், டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன்) நாடு திரும்பிச் சேர்ந்து வேலை செய்ய விரும்புவதாக இந்திய நிறுவனங்களுக்கு எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா 1962 ஜனவரியில் தந்தி அடித்து ஒப்புதல் தந்தார். 1963இல் ஸ்வரூப் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 34.

முத்தோரைக் கருவி தன் முதல் ஆண்டுகளில் கூர்மையை வேறொரு உபாயத்தால் பெற்றது. நிலா வானில் நகரும்போது தன் பாதையிலுள்ள ரேடியோ மூலங்களை மறைத்து மறைத்துச் செல்கிறது. ஒரு மூலம் நிலவின் விளிம்பில் மறையும் அந்தச் சில விநாடிகளில் சமிக்ஞை எப்படித் தேய்கிறது என்று பதிந்தால், அதன் இடமும் உருவமும் மிக நுட்பமாகக் கிடைக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை ஊட்டியில் இப்படி ஆராய்ந்தார்கள். மங்கலான மூலங்கள், அதாவது பொதுவாகத் தொலைவில் உள்ளவை, சராசரியாகச் சிறிய கோண அளவுடன் தென்பட்டன. அளவு இப்படிக் குறைவது, பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதோடுதான் பொருந்தியது, என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்ற கோட்பாட்டோடு பொருந்தவில்லை. 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் இதை வெளியிட்டார்கள். பெருவெடிப்பா நிலைப் பிரபஞ்சமா என்ற உலகளாவிய விவாதத்தில் நீலகிரிச் சரிவிலிருந்து போன சாட்சியம் அது. ஊட்டிக்குப் போகிற நம்மவர்கள் தாவரவியல் பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். முத்தோரைப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஆனால் நிலா தன் பாதையை விட்டு விலகாது. அந்தப் பாதைக்கு வெளியே உள்ள வானம் முழுவதும் இந்த முறைக்கு எட்டாதது. எனவே 1980களில் முத்தோரையைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் பரப்பில் சிறிய உருளை ஆன்டெனாக்களை நிறுத்திப் பெரியதோடு இணைத்தார்கள். தமிழ் மண்ணில் நடந்த முதல் பெரிய இணைப்பு முயற்சி அதுதான். மலையும் பள்ளமும் தேயிலைத் தோட்டமும் நிறைந்த நிலத்தில், ஒவ்வோர் ஆன்டெனாவின் சமிக்ஞையையும் அலை பிசகாமல் மையத்துக்குக் கொண்டுவரக் கற்றுக்கொண்டவர்களே பின்னால் பெரிய வேலையில் இறங்கினார்கள்.

அதற்கு முன் கைகூடாத ஒரு கனவும் உண்டு. நிலநடுக்கோட்டின் மேலேயே போய்விட்டால் சரிவே வேண்டாம், சமதரையில் கிடத்தினாலும் உருளை பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். 1970களின் பிற்பகுதியில் கென்யாவிலோ நைஜீரியாவிலோ இரண்டு கிலோமீட்டர் நீள உருளை ஒன்றை வளரும் நாடுகள் கூடிக் கட்டலாம் என்று ஸ்வரூப் திட்டம் தீட்டினார். அது நடக்கவில்லை. நடக்காமல் போனதால் சிந்தனை உள்நாட்டுக்குத் திரும்பி, 1984இல் வேறு வடிவம் எடுத்தது.

அந்த வடிவம்தான் புனே மாவட்டத்தில் நாராயண்காவை அடுத்த கோடத் கிராமத்தில் நிற்கும் ராட்சத மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள். அவற்றில் 14 ஒரு சதுர கிலோமீட்டர் அளவிலான நடுப்பகுதியில் நெருங்கி நிற்க, 16 தட்டுகள் மூன்று கைகளாக வயல்களுக்கும் கிராமங்களுக்கும் ஊடே நீண்டு செல்கின்றன. மிகத் தொலைவான இரண்டுக்கும் இடைவெளி 25 கிலோமீட்டர். 2001 அக்டோபரில் ரத்தன் டாடா அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தட்டை அருகில் போய்ப் பார்த்தால் அதன் ஊடே வானம் தெரியும். தகடு என்று ஒன்றுமே கிடையாது. இரும்புக் குழாய்களால் ஆன 16 வளைச்சட்டங்கள், அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறுகள், கயிறுகளின் மேல் 0.55 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் பின்னிய வலை. வலையின் கண் நடுவில் ஒரு சென்டிமீட்டர், ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர். மீட்டர் கணக்கில் நீளமுள்ள அலைக்கு இந்தக் கண்கள் இருப்பதே தெரியாது. அது வலையைத் தகடாகவே பாவித்துத் திரும்பும். காற்றுக்கோ வலை ஒரு தடையே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று என்ன செய்யும் என்று அறிந்த எங்கள் பகுதி மக்களுக்கு இதன் அருமை விளங்கும். 45 மீட்டர் அகலத் தகடு அப்படிப்பட்ட காற்றில் பாய்மரமாகிவிடும். காற்றின் சுமை குறைந்தால் இரும்பு குறையும், இரும்பு குறைந்தால் செலவு குறையும். மற்ற நாடுகள் ஒரு தட்டுக்குச் செலவிடும் பணத்தில் இங்கே பல தட்டுகள் எழுந்தது இப்படித்தான்.

முப்பது தட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் வானத்தின் உருவத்தைப் பற்றி ஒரு தகவலைத் தருகிறது: நெருங்கிய ஜோடிகள் பரந்த உருவத்தையும், விலகிய ஜோடிகள் நுண்ணிய விவரத்தையும் சொல்கின்றன. பூமி சுழலச் சுழல, வானிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு ஜோடியின் நீளமும் திசையும் மாறிக்கொண்டே போகும். ஆகவே பத்து மணி நேரம் ஒரே இலக்கை நோக்கியிருந்தால் 435 தகவல்கள் பல லட்சமாகப் பெருகும். இவற்றைக் கணினியில் கோத்துத்தான் படம் உருவாகிறது. 21 சென்டிமீட்டர் அலையில் கிடைக்கும் கூர்மை, ஆறு கிலோமீட்டர் தொலைவில் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு விளக்குகளைத் தனித்தனியாகக் காண்பதற்குச் சமம்.

இதில் கடினமானது நேரம். சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற ஆயிரம் பேரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் தேர் அசையும், ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் பலம் முழுவதும் கயிற்றிலேயே வீணாகும். இங்கே அந்தக் கணம் என்பது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடச் சிறியது. தட்டிலிருந்து மையத்துக்குச் சமிக்ஞை கண்ணாடி இழையில் வருகிறது. ஒரு கிலோமீட்டர் இழையைக் கடக்க ஒளிக்குச் சுமார் 5 மைக்ரோவிநாடி பிடிக்கும். 14 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் தட்டின் குரல், நடுவில் இருக்கும் தட்டின் குரலுக்குப் பின்னால் வெகுவாகத் தாமதித்தே வந்து சேரும். அதோடு, வானத்து இலக்கு சாய்வாக இருந்தால் அலையே ஒரு தட்டை முந்தியும் இன்னொன்றைப் பிந்தியும் அடையும். இந்தத் தாமதங்கள் எல்லாவற்றையும் பூமியின் சுழற்சியோடு சேர்த்து நொடிக்கு நொடி கணக்கிட்டு நேர்செய்த பிறகே, ஒப்பிடும் கணினி 435 ஜோடிகளையும் பெருக்கிப் பார்க்கிறது. அப்படியும் மிஞ்சும் பிழையைப் பிடிக்க, சிறிது நேரத்துக்கு ஒருமுறை இடமும் உருவமும் நன்கு தெரிந்த ஒரு பிரகாசமான மூலத்தின் பக்கம் தட்டுகள் அனைத்தையும் திருப்பி, எந்தத் தட்டு எவ்வளவு பிசகுகிறது என்று அளந்துகொள்கிறார்கள்.

இப்படி உருவான கருவி என்ன கண்டது? எனக்கு மிகப் பிடித்தது 2020இல் வந்த முடிவு. ஆதித்ய சௌத்ரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்களூர் முதலியோர் 7,653 கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் சமிக்ஞையை ஆராய்ந்தார்கள். தனித்தனியே எதுவும் கேட்காத அளவுக்கு மெல்லிய குரல்கள் அவை. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தபோது, 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளில் எவ்வளவு ஹைட்ரஜன் வாயு இருந்தது என்று முதன்முறையாகத் தெரிந்தது. வாயு நிறையவே இருந்தது. ஆனால் அன்றைய கேலக்ஸிகள் விண்மீன்களை ஆக்கிய வேகத்துக்கு அது நூறு, இருநூறு கோடி ஆண்டுக்குத்தான் போதும். விண்மீன் பிறப்பு விகிதம் பிறகு ஏன் சரிந்தது என்ற பழைய கேள்விக்கு அதில் ஒரு நேரடியான விடை இருக்கிறது: வெளியிலிருந்து புது வாயு போதுமான அளவு வந்து சேரவில்லை.

150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் 90 சதவீதத்தை அளந்து, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களைப் பட்டியலிட்டதும் இதே தட்டுகள்தான். 2016 அக்டோபரில் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி என்ற கலம் செவ்வாயில் இறங்க முயன்றபோது, அதன் மெல்லிய சமிக்ஞையைப் பூமியிலிருந்து நேரடியாகப் பிடித்ததும் கோடத்தான். கலம் தரையில் மோதிச் சிதைந்தது. அது இறங்கிய கடைசி நிமிடங்களின் பதிவு புனே மாவட்டத்தில் கிடைத்தது.

இனி நம் மூலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இவ்வளவு அனுபவம் சேர்ந்த பிறகும் ஏன் அந்த முப்பது தட்டுகள் தெற்கே வரவில்லை? தென்வானத்தை அதிகம் காண வேண்டுமானால் குமரிமுனைதானே இந்தியாவில் சிறந்த இடம்? இந்த வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் கோடத்தைத் தேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமான ஒன்று, அது காந்த நிலநடுக்கோட்டிலிருந்து போதிய அளவு வடக்கே இருக்கிறது என்பது.

காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நிலநடுக்கோடு. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டியே செல்கிறது. விக்ரம் சாராபாய் 1963இல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்ததும், திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தை வைத்ததும் இதனால்தான். இந்தக் கோட்டின் மேலே, தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்ட ஆறு பாய்கிறது. சூரியன் மறைந்த பிறகு அதற்கும் மேலே, மின்னூட்டம் பெற்ற வாயு அடுக்கான அயனமண்டலத்தில், அடர்த்தி குறைந்த குமிழ்கள் எழும்பிக் கிளம்புகின்றன. அந்தக் குமிழ்களின் ஊடே வரும் ரேடியோ அலை வளைந்து, சிதறி, மின்னி மின்னி வந்து சேர்கிறது. ஒரே தட்டுக்கு இது ஓரளவு பொறுக்கக்கூடிய தொல்லை. பல கிலோமீட்டர் விலகி நின்று அலையின் கட்டத்தை ஒப்பிடும் தட்டுகளுக்கு, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் வெவ்வேறு அயனமண்டலம் நின்றால் ஒப்பிடுதலே குலைந்துவிடும். அலை நீளமாக நீளமாகக் குழப்பம் கூடும். மீட்டரலைக் கருவிக்கு வானத்தின் மிகக் கலங்கலான பகுதி நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

இது குறை என்று பார்த்தால் குறை. ஆனால் அந்தக் கலங்கலை ஆராய உலகில் இதைவிட நல்ல இடங்கள் அதிகம் இல்லை. இந்த மூலையின் காந்தப் போக்கை நம் முன்னோர் அளந்தும் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகம் தொடங்கினார். 1852இல் அதன் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், ஓர் இடத்து அளவீடு போதாது என்று கண்டு, 1855இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் கட்டினார். கீழே நகரத்தில் ஒன்றும் மேலே மலைமுகட்டில் ஒன்றுமாக, இரண்டு இடங்களிலும் காந்த ஊசியின் அசைவை எடுத்து ஒப்பிட்டார். காட்டு வழியில் கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றியவர்களும், மழையிலும் குளிரிலும் இரவு பகலாக ஊசியைப் பார்த்து எழுதியவர்களும் இவ்வட்டாரத்து மக்கள். இரண்டு நிலையங்களை வைத்து ஒப்பிடும் அறிவு இந்த மலைத்தொடரில் ரேடியோவுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருந்தது.

பிற்காலத்தில் ஊட்டியும் கலங்கலை ஆய்வுப்பொருளாக மாற்றிக்கொண்டது. அது வேறு கலங்கல். சூரியனிலிருந்து வீசும் காற்று தொலைதூர ரேடியோ மூலங்களை மின்னச் செய்கிறது. அந்த மினுக்கத்தை அளந்து, பூமியை நோக்கிப் பாயும் சூரிய வெடிப்புகளின் வேகத்தை பி. கே. மனோகரனும் அவருடைய குழுவினரும் முத்தோரையில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதே உருளையிலுள்ள 1056 சிற்றான்டெனாக்களை 264 தனி அலகுகளாகப் பிரித்து, அந்த ஒரே கருவியையே ஓர் இணைப்பு வலையாக மாற்றும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது.

உலக அளவில் வலை இப்போது கண்டங்களைத் தாண்டிவிட்டது. 2017 ஏப்ரலில் எட்டு தொலைநோக்கிகள் ஒரே இலக்கை நோக்கி, ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகாரத்தின் நேரத்தோடு சமிக்ஞையைக் கணினி வன்தட்டுகளில் பதிந்தன. கம்பி எதுவும் அவற்றை இணைக்கவில்லை. பதிவான வன்தட்டுகள் விமானத்தில் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் பயணம் செய்தன. தென்துருவத்தில் பதிந்தவை குளிர்காலம் முடியும்வரை அங்கேயே காத்திருந்தன. இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2019 ஏப்ரல் 10 அன்று, ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்87 கேலக்ஸியின் நடுக் கருந்துளையின் நிழல் உலகத்துக்குக் காட்டப்பட்டது.

2023 ஜூனில் வெளியான முடிவு இதைவிட எனக்கு வியப்பானது. பல்சார்கள் என்பவை கடிகாரம் போல் ரேடியோ அலையில் துடிக்கும் விண்மீன்கள். ஈர்ப்பலை கடந்து போனால் அந்தத் துடிப்பு மிகமிகச் சிறிதாக முந்தும், பிந்தும். ஐரோப்பாவின் பெரிய ரேடியோ தொலைநோக்கிகளும் இந்திய பல்சார் குழுவும் 25 பல்சார்களின் அளவீடுகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் நீளும் ஈர்ப்பலைகளின் இரைச்சலுக்கான சான்றை முன்வைத்தன. அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்களும் அதே நேரத்தில் தம் முடிவுகளை வெளியிட்டன. இந்தியக் குழுவின் தனிப் பங்கு கோடத்தின் குறைந்த அதிர்வெண் பதிவுகள். விண்மீன்களுக்கிடையிலுள்ள மின்னூட்ட வாயு பல்சார் துடிப்பைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதம் குறைந்த அதிர்வெண்ணில்தான் பெரிதாகத் தெரியும். அதைத் துல்லியமாக அளந்து கழித்தால்தான் மிச்சமிருப்பது ஈர்ப்பலையா என்று கேட்க முடியும். இணைப்பில் ஒவ்வோர் உறுப்பினரும் மற்றவர்களிடம் இல்லாததைக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு இதையே நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

அடுத்தது ஸ்கொயர் கிலோமீட்டர் அர்ரே என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கி. தென்னாப்பிரிக்காவில் 197 தட்டுகள், மேற்கு ஆஸ்திரேலியாவில் மரம் போன்ற 1,31,072 ஆன்டெனாக்கள். 2022 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. இந்தியா இதில் உறுப்பினராகச் சேர 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அந்த மாபெரும் வலையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆஸ்திரேலியா தந்த பழைய தட்டுகளில் கற்ற நாடு இன்று ஆஸ்திரேலிய மண்ணில் எழும் கருவிக்கு மூளை எழுதித் தருகிறது.

இவ்வளவுக்கும் எதிரி இரைச்சல். வானத்திலிருந்து வரும் அலை நினைத்தும் பார்க்க முடியாத அளவுக்கு மெலிந்தது. உயரழுத்த மின்கம்பியில் காப்பான் பழுதாகித் தெறிக்கும் ஒரு பொறி, கைப்பேசிக் கோபுரம், இப்போது தலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் சுற்றும் இணையச் செயற்கைக்கோள்கள் எல்லாமே அதை மூழ்கடிக்கப் போதும். கோபுரத்தை மறைக்கலாம், கம்பியைச் செப்பனிடலாம். செயற்கைக்கோளுக்கு மலையும் மறைப்பில்லை, எல்லையும் இல்லை. இதற்குப் பன்னாட்டு விதி இறுகாவிட்டால், குறைந்த அதிர்வெண் வானியல் சில அலைவரிசைகளை நிரந்தரமாக இழக்கும் என்று அஞ்சுகிறேன்.

கொட்டாரத்திலிருந்து எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. தென்கோடியில் பெரிய தட்டு வேண்டாம், வராது. ஆனால் இரண்டு அதிர்வெண்களில் ஜிபிஎஸ் சமிக்ஞையை வாங்கும் ஒரு கருவியைக் கல்லூரி மொட்டைமாடியில் வைத்தால், அந்த இடத்துக்கு மேலுள்ள அயனமண்டலத்தின் மின்னணு அடர்த்தியும் சமிக்ஞையின் மினுக்கமும் நொடிக்கு நொடி பதிவாகும். அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரி, நாகர்கோவிலில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, அங்கிருந்து திருநெல்வேலி, மதுரை, கோவை வழியாக முத்தோரை வரை இப்படி ஒரு வரிசை அமைந்தால், காந்த நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கு நோக்கிக் குமிழ்கள் எப்படிப் பரவுகின்றன என்பது மாணவர்கள் கையிலேயே கிடைக்கும். நேரத்தை ஒத்துவைக்கத் தனிக் கடிகாரம் வேண்டியதில்லை, ஜிபிஎஸ்ஸே கடிகாரம். மீட்டரலைத் தட்டுகளைக் குழப்பும் அதே கலங்கலின் அளவீடு கோடத்துக்கும், எதிர்கால வலைகளுக்கும் பயன்படும்.

கோடத்தின் பழைய பதிவுகளும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் எவரும் எடுத்து ஆராயத் திறந்து வைக்கப்படுகின்றன. ரேட்@ஹோம் என்ற முயற்சி 2013 முதல் கல்லூரி மாணவர்களையும் பொதுமக்களையும் பழக்கி, அந்தப் பதிவுகளில் புதிய ரேடியோ கேலக்ஸிகளைத் தேட வைத்திருக்கிறது. அதற்குக் கணினியும் பொறுமையும் போதும்.

அயனமண்டலக் குமிழ்கள் பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும்தான் அதிகம், அதுவும் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து நள்ளிரவு வரை. சூரியனின் பதினோராண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அவை இன்னும் வலுக்கும். மூன்று கல்லூரிகள் சேர்ந்தாலே முதல் பருவத்தின் பதிவைத் தொடங்கிவிடலாம்.